கூனன்முடிக் கயிறு

நாங்கள் பத்துப் பேர் வனத்துறை செக்போஸ்ட்டில் வந்து இறங்கும்போது காலை எட்டு மணி. ஜனவரி வெயில் நன்றாகவே அடித்தது. எதிரே சாயாக்கடையில் ஏத்தங்காய் அப்பம் பொரிகிற வாசனை. பைகளில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று சோதித்து, ஆட்களை எண்ணி, நோட்டில் கையெழுத்து வாங்கினாள் வழிகாட்டி ஓமனா. அம்பூரிக்காரி. நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, கீழே ரப்பர் பூட்ஸ். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

நான் பயப்படப் போகவும் இல்லை. சண்டை போடப் போனேன்.

என் பெயர் ரெஜிலா. ஆரியங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பேய், பிசாசு என்று யாராவது பேசினால் எங்கள் சபையில் போதகர் முறைப்பார். நானும் முறைக்கிற கட்சிதான். ஆனால் கூனன்முடியில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். என் வலது உள்ளங்கையில் நாலு தையல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கூனன்முடி தேசியப் பூங்காவின் நடுவில் நிற்கிற மொட்டைப் பாறைச் சிகரம். பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் தெளிந்த நாளில் கிழக்கே அது தெரியும். முதுகு வளைந்த ஆள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதில் ஏறியவர்களின் வரலாற்றை எங்கள் எல்லைப் பக்கத்து மலையேற்றச் சங்கம் இந்த வருஷம் புத்தகமாகப் போட்டது. வழவழப்பான தாள், கலர் படங்கள். முதலில் ஒரு சர்வே துரை வடக்குப் பக்கமாக ஏறி உச்சியில் கல் நட்டாராம். கல்லைச் சுமந்தவன் பெயர் இல்லை. கல் தானாகவே நடந்து ஏறியிருக்கும்போல. பிறகு திருவனந்தபுரத்திலிருந்து மூன்று கல்லூரிப் பையன்கள். அவர்களுக்குச் சோறு வடித்தவன் பெயரும் இல்லை. அப்புறம் 1990 ஜனவரி. யாரும் ஏறாத தென்முகத்தில், சங்கத்தின் தலைவர் பொன்னப்பன் தன்னந்தனியாக ஏறி வென்ற கதை.

பதினான்காம் பக்கத்தில்தான் என் அப்பா வருகிறார். இரண்டே வரி. "ஏறுவதற்கு முந்தின நாள் சமையல்காரர் விஜயதாஸ் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். ஆனாலும் பொன்னப்பன் மனம் தளரவில்லை."

அப்பா ரப்பர் வெட்டுக்காரர். விடிந்தால் தோட்டம், மத்தியானத்துக்கு மேல் எந்தப் பாறையிலும் ஏறிக் காட்டுவார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்காகத்தான் பொன்னப்பன் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது இரண்டு வயது. அப்பா திரும்பி வரவில்லை. பொன்னப்பன் மட்டும் வந்து, ஓடிப்போனான் என்றார். யாரும் காட்டில் போய்த் தேடவில்லை. ஓடிப்போனவனை எதற்குக் காட்டில் தேடுவது? ஆறு மாசத்தில் கதைக்கு ஒரு பெண்ணும் சேர்ந்துவிட்டாள். இடுக்கியில் ஒருத்தியோடு இருக்கிறானாம். அந்த இடுக்கிக்காரியோடு என் அம்மா முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினாள் என்றே சொல்லலாம். கல்யாண வீட்டில், தண்ணீர்க் குழாயில், கோவில் பெஞ்சில், எங்கே போனாலும் அவளும் கூடவே வந்தாள்.

அம்மா ரத்னபாய்க்கு இப்போது எழுபத்தொன்று. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. அம்மாவின் ஆசை ஒன்றே ஒன்று: சபைக் கல்லறைத் தோட்டத்தில் தன் கல்லில் அப்பா பெயரும் இருக்க வேண்டும். கமிட்டி மாட்டேன் என்றது. ஏழு வருஷம் காணாமல் போனால் கோர்ட்டு செத்ததாக எழுதித் தரும். ஆனால் கோர்ட்டு எழுதிக் கொடுத்தால் இடுக்கிக்காரி செத்துவிடுவாளா? கூட இருந்தவர் பொன்னப்பன் ஒருவர்தான், அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்றார்கள்.

சங்க ஆபீசுக்குப் போய் அவரிடம் கேட்டேன். அறுபத்தெட்டு வயது, இன்னும் நிமிர்ந்த உடம்பு. பின்னால் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த 1990 கயிறு தொங்கியது. நைலான் கயிறு, ஒரு நுனியில் முழங்கை நீளத்துக்கு ரப்பர் பால் முக்கிக் காயவைத்த கறுத்த உறை.

"அப்பா மலையிலதான் செத்தாருன்னு ஒரு வரி எழுதித் தாங்க அண்ணாச்சி. அம்மைக்கு நாள் இல்ல," என்றேன்.

"ஓடிப்போனவன் பேரைக் கல்லில எழுத நான் ஒப்பு போடணுமா மோளே?" சிரித்தார். "உனக்க அம்மைக்கு சங்கடம் இருக்கும். எனக்குத் தெரியும். ஒண்ணு செய்யி, முப்பத்தஞ்சாம் வருசத்து ஏற்றத்துக்கு நீயும் வா. பேப்பர்காரன் வாறான். பழைய சமையல்காரனுக்க மோளையும் நாங்க மறக்கேல்லன்னு ஒரு படம் வரட்டு."

அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். வைக்கவில்லை. பேப்பர்காரன் வருகிறான் என்றதால் வாயை மூடிக்கொண்டு பெயர் கொடுத்தேன். உச்சியில், அவன் முன்னால், எல்லார் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு.

முதல் நாள் நடை சுகமாகவே இருந்தது. அட்டைக்கடி, மூச்சிரைப்பு, பொன்னப்பனின் வீரக்கதை, எல்லாம் வழக்கம்போல. மூன்று மணிக்கு முகாம் கொட்டகைக்கு வந்துசேர்ந்தோம். பின்னாலிருந்த ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் அந்த நாற்றம் வந்தது.

புளித்த ரப்பர் பால்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த நாற்றத்தைச் சொல்லித் தர வேண்டாம். பால் உறைய ஆசிட் விட்ட பாத்திரம், புகைப்புரையில் தொங்குகிற ஷீட், வெட்டுக்காரன் கழற்றிப்போட்ட சட்டை, எல்லாவற்றிலும் அதுதான். ஆனால் இங்கே சுற்றி ஒரு ரப்பர் மரம் கிடையாது. தேசியப் பூங்காவுக்குள் யார் ரப்பர் வைப்பார்கள்?

ஓமனாவும் மூக்கைச் சுளித்தாள். "ஆருக்க ஷூவாக்கும் இது?" என்று சத்தமாகக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னப்பன் மட்டும் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை புல்வெளி ஏறி, பதினொரு மணிக்குப் பாறையின் அடிக்கு வந்தோம். கடைசி அறுபதடிதான் கூனனின் முதுகு. செங்குத்தாக நிற்கிறது, பிடிக்க வெடிப்புகள் மட்டும். ஓமனா முன்னால் ஏறி, மேலே ஒரு பெரிய கல்லில் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

"மஞ்சு வந்தா சத்தம் கேக்காது," என்றாள். "கீழ நிக்கியவங்க கயறைப் பிடிச்சாச்சுன்னா ரெண்டு சுண்டு சுண்டணும். பிடிச்சுக்கிட்டேன், வலிச்சோன்னு அர்த்தம். மேல நான் வலிப்பேன்." கயிற்றை இழுத்துக் காட்டினாள்.

"அந்த ரெண்டு சுண்டு நான் கண்டுபிடிச்சதாக்கும்," என்றார் பொன்னப்பன். "புத்தகத்தில உண்டு. தொண்ணூறுல தென்முகம் கேறும்போ."

ஓமனா கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள். "ஒற்றைக்குக் கேறினவரு ஆருக்கு சுண்டினீங்க?"

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஓமனா மறுபடியும் மேலே போனதும் ஒவ்வொருவராக ஏறினோம். ஆறாவது ஆள் நான். பாதிப் பாறையில் மஞ்சு வந்து மூடியது. மேலேயும் தெரியவில்லை, கீழேயும் தெரியவில்லை, நடுப்பகலில் வெளிச்சம் மட்டும் வெள்ளையாக. கன்னத்தைப் பாறையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

சர்ர்ர்.

மரப்பட்டையில் கத்தி இழுபடுகிற சத்தம். அது நின்றதும் இன்னொன்று. சிரட்டையில் பால் சொட்டுகிற சத்தம்.

டப். டப். டப்.

வெறும் பாறை. தண்ணீர் ஒழுகுகிற இடம்கூட இல்லை. என் தலைக்கு மேலே அல்ல, காலுக்குக் கீழேதான் கேட்டது. வாய்க்குள் ஒரு சங்கீத வசனம் தானாக வந்தது. இரண்டு சுண்டு சுண்டினேன். ஓமனா இழுத்தாள். மேலே வந்து விழுந்ததும் யாரும் என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியாக வந்தது பொன்னப்பனின் மகன் பிரதீஷ். சங்கச் செயலாளர், முப்பது வயது, அப்பனைப்போல வாய் கிடையாது. அவன் வந்ததும் ஓமனா எண்ணினாள். பத்துப் பேரும் அவளும் மேலே. கீழே யாரும் இல்லை.

உச்சி ஒரு வீட்டு முற்றம் அளவு இருக்கும். நடுவில் துரையின் கல். அதன் பக்கத்தில் சங்கம் கொண்டுவந்த பித்தளைப் பலகையை நிறுத்தினார்கள். "தென்முகத்தில் முதலில் ஏறியவர்: பொன்னப்பன், தனியாக." சிவப்பு நாடா கட்டி, வெட்டுவதற்குக் கத்தியும் வைத்தார்கள். பேப்பர்காரன் கேமராவை எடுத்தான். பிரதீஷ் பையிலிருந்து அந்தப் பழைய கயிற்றை எடுத்து அப்பன் கழுத்தில் மாலையாகப் போட்டான்.

நான் வாயைத் திறக்கப் போனேன்.

பொன்னப்பனின் வெள்ளைச் சட்டையில் ஏதோ சொட்டியது.

வெள்ளைச் சட்டையில் வெள்ளைச் சொட்டு. முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு பாறையில் விழுந்தது. டப். எல்லாரும் குனிந்து பார்த்தோம். பால். முப்பத்தைந்து வருஷம் காய்ந்து கறுத்துக் கல்லாகிப்போன அந்த ரப்பர் உறை, நுனியிலிருந்து இளகி, இப்போது வெட்டின மரத்திலிருந்து வருவதுபோலப் பச்சைப்பாலாக ஒழுகிக்கொண்டிருந்தது. நாற்றம் குப்பென்று வந்தது.

உறை முழுக்க ஒழுகித் தீர்ந்ததும் கயிற்றின் நுனி வெளியே தெரிந்தது. ஓமனா அதைக் கையில் எடுத்தாள்.

"பாறையில உரசி நைஞ்சுபோன நுனின்னு புத்தகத்தில போட்டிருக்கே," என்றாள். "இது நைஞ்சதில்ல. பாதி வரைக்கும் கத்தி. சரிச்சு வெட்டியிருக்கு. மிச்ச நூலு இழுபட்டு அறுந்திருக்கு." அவள் குரல் இறங்கியது. "பாரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போ வெட்டின கயறாக்கும்."

எங்கள் பக்கத்தில் எந்தக் கயிற்றின் நுனியும் பிரிந்துபோகாமல் இருக்க ரப்பர் பாலில்தான் முக்குவோம். வேறு ஊர்க்காரன் என்றால் நைலானைத் தீயில் காட்டியிருப்பான். உருகி, வெட்டு இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும். பொன்னப்பன் கை தன் பழக்கத்துக்குப் பாலில் முக்கியது. வெட்டைப் பத்திரமாக மூடி வைத்தது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வேறு மாட்டியிருந்தார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லில் கட்டியிருந்த புதுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறி வந்த கயிறு.

அது விறைத்து நின்றது.

எல்லாரும் மேலே வந்தாச்சு. கயிறு தளர்ந்து கிடக்க வேண்டும். ஆனால் முடிச்சு கல்லைக் கடித்து முனகுகிற அளவுக்கு, கீழே ஒரு ஆள் பாரம் தொங்குகிற மாதிரி விறைத்து நின்றது. மெல்ல ஆடியது.

"ஆராவது கீழ உண்டா?" ஓமனா கூப்பிட்டாள்.

இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை.

"வெடிப்பில சிக்கியிருக்கும்," என்றான் பிரதீஷ். இடுப்பு வாரை அதே கயிற்றில் மாட்டினான்.

"வேண்டாம் சாரே," என்றாள் ஓமனா.

"இது இல்லாம நாம எப்பிடி இறங்க?" அவன் விளிம்பில் காலை வைத்து இறங்கினான். நாலடி, ஐந்தடி. மஞ்சு அவன் தலையையும் மூடியது.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது. பிரதீஷின் குரல் இல்லை. பதறாத, தாழ்ந்த குரல், வேலையிடத்தில் பக்கத்து ஆளிடம் பேசுகிற மாதிரி.

"பொன்னப்பண்ணோ..."

பேப்பர்காரன் கேமராவைத் தாழ்த்தினான்.

"பிடிச்சுக்கிடுங்க அண்ணோ. எனக்க காலு தெற்றிப்போச்சு."

எனக்கு அப்பாவின் குரல் தெரியாது. இரண்டு வயதில் கேட்டது எதுவும் ஓர்மையில்லை. ஆனால் பொன்னப்பனுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் அது யார் குரல் என்று நான் அறிந்தேன்.

"விடு," என்றார் அவர். முதலில் முணுமுணுப்பாக. பிறகு அலறினார். "விடுலே! எனக்க கையை அறுக்குது, நானும் வந்து விழவா? அன்னைக்கே வெட்டிவிட்டேனில்லாலே! பின்னயும் எதுக்குலே கேறி வாறே!"

நாடா வெட்டுகிற கத்தி அவர் கையில் இருந்தது. குனிந்து கயிற்றில் வைத்து அறுக்க ஆரம்பித்தார்.

அதே கயிற்றில்தான் அவர் மகன் தொங்கினான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி நான் நகரவில்லை. அறுக்கட்டும், தன் பிள்ளையைத் தானே வெட்டிப் போடட்டும், அப்போது தெரியும் என்று என் நெஞ்சு சொன்னது. அந்த ஒரு நொடிக்காக நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் முழங்கால் போடுகிறேன். பிறகுதான் பாய்ந்தேன். கத்தியின் கூர்ப்பக்கத்தையே கையால் பிடித்தேன். உள்ளங்கை பிளந்தது. ஓமனாவும் மற்றவர்களும் அவரைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். கயிறு பாதி அறுந்து, நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. ஓமனா அறுந்த இடத்துக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் ரத்தத்தில் கயிறு வழுக்கியது.

கீழேயிருந்து இரண்டு சுண்டு வந்தது.

பிடிச்சுக்கிட்டேன், வலிச்சோ.

வலித்தோம். இந்த முறை பாரம் வந்தது. பிரதீஷ் விளிம்பில் தலை நீட்டியபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. பாறையில் கவிழ்ந்து கிடந்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கயறு இளகினப்போ நான் போனேன்னே நெனச்சேன் டீச்சரே," என்று கிசுகிசுத்தான். "ஆரோ எனக்க காலைப் பிடிச்சாவ. ஒவ்வொரு காலாட்டு எடுத்து வெடிப்பில வச்சுத் தந்தாவ. கையெல்லாம் ஒட்டுது, ரப்பர் பால் நாத்தம்..."

"நீ சுண்டினதும்தான் நாங்க வலிச்சோம்," என்றேன்.

"நான் சுண்டேல்ல," என்றான். "எனக்க ரெண்டு கையும் பாறையிலல்லா இருந்துது."

ஒரு மணிக்கு மஞ்சு விலகியது. அறுந்த இடத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டு இறங்கினோம். பலகை மேலேயே நின்றது.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் இருந்திருக்காது. உயிர்ப்பயத்தில் கயிற்றை வெட்டியது மனுஷத்தனம் என்று யாராவது சொன்னால்கூடக் கேட்டுக்கொள்வேன். ஆனால் மூன்றாம் நாள் பேப்பரில் வந்தது இது: "உச்சியில் ஆக்சிஜன் குறைவால் மூத்த மலையேற்ற வீரர் பிதற்றல், சக வீராங்கனைக்குக் கையில் காயம்." கூனன்முடி உயரத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூட மயக்கம் வராது. மேலே வாய் பிளந்து நின்ற ஆறு பேரும் கீழே வந்ததும் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். ஓமனா கேட்டேன் என்றாள், பிரதீஷ் கேட்டேன் என்றான். நேரில் கண்டவர் கையெழுத்துதான் வேண்டும் என்று கமிட்டி மறுபடியும் சொன்னது. கண்டவர் ஒருவர்தானே. அவர் வீட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து பிரதீஷ் போன் செய்தான். "அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு வாங்க டீச்சரே. ஒப்பு போடுவாரு."

காரோடு என்கிற ஊரில் அவர்கள் வீடு. பின்பக்கம் பழைய கிணறு. மோட்டார் இருந்தாலும் வாளியும் கயிறும் கப்பியில் கிடக்கும். கிணற்றோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்னப்பன் உட்கார்ந்திருந்தார். கிணற்றுக் கயிறு அவர் வலது மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றியிருந்தது. கிணற்றுக்குள் விறைத்து இறங்கியது. அவர் கை தோள்வரை நடுங்கியது. உள்ளங்கைத் தோல் உரிந்து, உள்சதை தெரிந்தது.

"காலம்பற விடிஞ்சதும் கூப்பிடும்," என்றான் பிரதீஷ். "வீட்டில எல்லாருக்கும் கேக்கும். போகாம இருந்தா சத்தம் வீட்டுக்குள்ள வரும். போயி கயறைத் தொட்டா இப்பிடி. மத்தியானம் ஆனா தானே இளகும்."

விடியலிலிருந்து மத்தியானம் வரை. வெட்டுக்காரனின் வேலை நேரம்.

"கயறை வெட்டுலேன்னு என்கிட்ட சொல்லுகாரு. மாட்டேன்னுட்டேன். இனி இந்த வீட்டில ஆரும் கயறு வெட்டப்பிடாது."

பொன்னப்பன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். 1990 ஜனவரி 14, கூனன்முடித் தென்முகத்தில் என்னோடு ஏறிய விஜயதாஸ் விழுந்து இறந்தார், கயிற்றை நான் வெட்டினேன். எழுதியது பிரதீஷ், சாட்சி, என்னோடு வந்திருந்த ஓமனா. நான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல் வைத்தார்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு பெயர், அவள் பெயருக்குக் கீழே மட்டும் செத்த தேதிக்கு வெறும் இடம். அம்மா அழவில்லை. விரலால் அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவினாள். பிறகு கமிட்டி ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "இடுக்கியில விசாரிச்சாச்சா?" என்று கேட்டாள்.

நேற்று மறுபடியும் பிரதீஷ் போன். "ஒப்பும் போட்டாச்சு, கல்லும் வச்சாச்சு. கயறு இன்னும் இளகேல்ல. அப்பாவுக்கு மெலிஞ்சு எலும்பாச்சு. நீங்க வந்து ஒரு வாக்கு சொன்னா போதும் டீச்சரே. உங்க அப்பாவில்லா."

அவனுக்காகத்தான் போனேன். சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன், சத்தியம். காலை பத்து மணி, நல்ல வெயில். பொன்னப்பன் அதே நாற்காலியில், அதே கயிற்றோடு. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கேட்டதெல்லாம் எழுதித் தந்தாச்சில்லா," என்றார். "இனி என்ன வேணும் அவனுக்கு? ஒரு சமையல்காரனுக்கு இவ்வளவு ஆங்காரமா?"

நான் கிணற்றோரம் போனேன். தையல் போட்ட கையால் கயிற்றைப் பிடித்தேன். இரும்புக் கம்பிபோல இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. உள்ளே மிக ஆழத்தில் யாரோ நிதானமாக மூச்சு விடுவது கயிறு வழியாக என் விரலுக்கு வந்தது. புளித்த பாலின் நாற்றம் எழுந்தது. முதன்முறையாக எனக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை.

"சொல்லுங்க டீச்சரே," என்றான் பிரதீஷ். "விடச் சொல்லுங்க."

குனிந்து, கிணற்றின் இருட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, பிடிச்சுக்கிடுங்க."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நான் கயிற்றை விடவில்லை. காத்திருந்தேன்.

கயிறு சுண்டியது.

இரண்டு முறை.